பதினான்காம் நிமிடத்தில் வெட்டுப்பட்ட ஒரு சாண் டேப்

இன்று நான் யாரைச் சந்தித்தேன் என்று சொன்னால் 'ஏழாவது மாடி' ரசிகர்களில் பாதிப் பேர் நம்பப்போவதில்லை, மீதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். மாமாவுக்குக் காது மிஷின் வாங்கப் போன இடத்தில், 'உப்புக் கடிகாரம்' பாட்டின் பதினான்காம் நிமிடத்தில் காணாமல் போன அந்த ஒரு தட்டு என் கண் முன்னால் இருந்தது. ஒரு பழைய பிலிம் ரோல் டப்பாவுக்குள் சுருண்டு கிடந்தது. அதை வைத்திருப்பவரும் அவர் மகளும் சொன்னதை, சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏழாவது மாடி என்பது ஐந்து பேர் சேர்ந்த ராக் குழு. மூன்று நிமிடத்தில் முடிகிற காதல் பாட்டெல்லாம் அவர்களுக்கு ஆகாது. ஒரு பாட்டு என்றால் ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுக்க ஓட வேண்டும், நடுவில் நாலு முறை தாளம் மாற வேண்டும், கேட்கிறவன் காகிதம் பேனாவோடு உட்கார வேண்டும். உப்புக் கடிகாரம் இருபத்திரண்டு நிமிடம், ஐந்து பாகம். மூன்றாம் பாகம் ஏழு தட்டுத் தாளத்தில் ஓடும். அது முடிகிற இடத்தில், கடைசிச் சுற்றில் மட்டும் ஆறே தட்டு. படியில் இறங்கும்போது ஒரு படி இல்லாமல் போனால் வயிற்றில் என்ன ஆகுமோ அது ஆகும். அந்த ஒரு இடத்துக்காகவே பாட்டைக் கேட்கிறவர்கள் உண்டு. அதைப் பற்றிக் கட்டுரை உண்டு, ஆராய்ச்சி உண்டு, கையில் பச்சை குத்திக்கொண்டவர்கள்கூட உண்டு.

அந்தத் தட்டை வெட்டியவரைப் பிளேடு என்றே சொல்கிறேன். ஸ்டுடியோவில் அவருக்கு வைத்த பெயர் அது. வீட்டிலும் அதே பெயர்தான், காரணம் மட்டும் வேறு. ஏழாவது மாடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார் என்று மனைவி வைத்தது.

பிளேடுக்கு இப்போது அறுபத்தாறு வயது. பஸ் நிலையத்துக்குப் பின்னால், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிற காது மிஷின் கடையில் முப்பத்தைந்து வருடமாகப் பரிசோதகர். கடைக்கு நடுவில் குளியலறை அளவுக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு. வந்தவரை அதற்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பார்.

"சத்தம் கேட்டா அழுத்துங்க. கேட்ட மாதிரி இருந்தாலும் அழுத்துங்க. கேக்கணும்னு ஆசையா இருந்தா மட்டும் அழுத்தாதீங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

செவிடாக நடிக்க வருகிறவர்களும் உண்டு. வேலை மாற்றம் வேண்டி வருகிறவர்கள், வீட்டில் யார் பேச்சையும் கேட்காமலிருக்க ஒரு சான்றிதழ் கிடைக்குமா என்று வருகிறவர்கள். இவர்களைப் பிடிக்க அவரிடம் ஒரு வித்தை இருக்கிறது. பரிசோதனை முடிந்து, ஆள் கூண்டை விட்டு வெளியே வந்து கதவை நோக்கி நடக்கும்போது, பின்னாலிருந்து, பக்கத்து ஆளுக்குச் சொல்கிற தணிந்த குரலில், "உங்க லேஸ் அவிழ்ந்திருக்கு" என்பார். நிஜமாகவே கேட்காதவர் அப்படியே நடந்துபோவார். நடிக்கிறவர் குனிந்து பார்ப்பார். வாய் பொய் சொல்லும், முகம்கூடச் சொல்லும். கழுத்துக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது.

இனி அந்தப் பழைய விஷயம். அப்போது பிளேடுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த ஸ்டுடியோவில் டேப் வெட்டி ஒட்டுகிற வேலை. இருபத்திரண்டு நிமிடத்தை ஒரே மூச்சில் யாராலும் வாசிக்க முடியாது. துண்டு துண்டாக வாசிப்பார்கள், துண்டுகளை ஒட்டிச் சேர்ப்பது இவர் பொறுப்பு. டேப்பைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல உருட்டினால், டிரம்ஸ் தட்டு 'ஊ...ம்' என்று மாடு முனகுவதுபோலக் கேட்கும். அந்த முனகல் தொடங்குகிற இடத்தில் மஞ்சள் பென்சிலால் ஒரு கோடு. பிறகு டேப்பை ஒரு சின்ன உலோகக் கட்டையின் பள்ளத்தில் வைத்து, சவரப் பிளேடால் சாய்வாக ஒரு வெட்டு. வெட்டிய முனைகளைச் சேர்த்துப் பின்பக்கம் ஒட்டுத்தாள். விநாடிக்கு முப்பத்தெட்டு சென்டிமீட்டர் ஓடுகிற டேப் அது. உப்புக் கடிகாரத்தின் வேகத்தில் ஒரு தட்டு அரை விநாடி. அரை விநாடி என்றால் ஏறக்குறைய ஒரு சாண்.

மூன்றாம் பாகத்தையும் நான்காம் பாகத்தையும் ஒட்டவேண்டிய நாள். பிளேடு முதலில் தவறுதலாக ஆறாவது தட்டின் முடிவில் கோடு போட்டார். உடனே தவறைக் கண்டுபிடித்து, ஒரு சாண் தள்ளி ஏழாவதின் முடிவில் இன்னொரு கோடு போட்டார். முதல் கோட்டைத் துணியால் துடைக்கவேண்டும், அவ்வளவுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து டிரம்ஸ்காரர் கதவைத் திறந்தார்.

"டேய் பிளேடு, ஓடிப்போய் ஒரு சிகரெட் பாக்கெட் வாங்கிட்டு வா."

"அண்ணே, ஒரு நிமிஷம். இதை மட்டும் முடிச்சிட்டு..."

"டேப் என்ன எந்திரிச்சா ஓடப்போவுது? போடா."

ஓடினார். மூன்று மாடி அல்ல, ஒரே மாடிதான், ஆனால் கடையில் கூட்டம். திரும்பி வந்து, மூச்சு வாங்க, கண்ணில் முதலில் பட்ட மஞ்சள் கோட்டில் வெட்டினார். முனையில் மிஞ்சியிருந்த ஒரு சாண் டேப், ஏழாவது தட்டோடு, தனியாக வந்தது. வெட்டி எடுத்த துண்டுகளை மேசை விளிம்பில் வரிசையாக ஒட்டித் தொங்கவிடுவது வழக்கம். அதையும் தொங்கவிட்டார்.

ரசிகர்களுக்குத் தெரியாத தகவல் ஒன்று. முழுப் பாட்டையும் அன்றைக்கே ஏழு பேர் உட்கார்ந்து கேட்டார்கள். குழுவின் ஐந்து பேரும் அதில் உண்டு. ஒருவர் காதிலும் அது படவில்லை. கைதட்டினார்கள். இரண்டு வாரம் கழித்து, மேடைக்கு ஒத்திகை பார்க்க வீட்டில் ரெக்கார்டைப் போட்டு வாசித்த புல்லாங்குழல்காரர்தான், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்து, கடைசியில் விரல் விட்டு எண்ணிப்பார்த்தார்.

அதற்குள் ஆயிரக்கணக்கில் ரெக்கார்டு அச்சாகிவிட்டது. பிளேடு மேசை விளிம்பில் தேடி அந்தத் துண்டைக் கண்டுபிடித்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார்.

"சார், துண்டு பத்திரமா இருக்கு சார். அஞ்சு நிமிஷத்துல சேத்துடலாம். அடுத்த அச்சுல சரியாயிடும்."

மேலாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதை நீயே வெச்சுக்க. உனக்கு நாங்க கொடுக்கிற சர்டிபிகேட் அதுதான்."

பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே டிரம்ஸ்காரர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சிகரெட் பற்றி அவரே சொல்வார் என்று பிளேடு ஒரு நிமிடம் நின்றார். அவர் குச்சியால் முழங்காலில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். ஏழு தட்டு, சுத்தமாக.

அதற்குப் பிறகு எந்த ஸ்டுடியோவிலும் வேலை இல்லை. "தாளத்தைத் தின்னவன் நீதானே" என்று ஓரிடத்தில் வாசலிலேயே கேட்டார்கள். நான்கு மாதம் கழித்து விமர்சனங்கள் வர ஆரம்பித்தன. அந்தக் காணாமல் போன தட்டு மேதைமை என்றார்கள். காலமே மூச்சு விட மறந்த இடம் என்றார் ஒருவர். மூன்று வருடம் கழித்து டிரம்ஸ்காரர் பேட்டி கொடுத்தார். அவருடைய அப்பா கடிகாரம் பழுது பார்ப்பவர். அப்பா இறந்த அன்று சுவர்க்கடிகாரம் ஒரு டிக் தவறியதாம். அந்த டிக்குக்காகப் பாட்டில் ஒரு காலி இடம் விட்டாராம்.

பிளேடு குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். திட்டியெல்லாம் எழுதவில்லை. வேலை திரும்பக் கிடைத்தால் போதும், உண்மையை யாரிடமும் சொல்லமாட்டேன் என்றுதான் எழுதினார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. உறைக்குள் ஐந்து பேரும் கையெழுத்துப் போட்ட புகைப்படம், பின்னால் 'உங்கள் அன்புக்கு நன்றி' என்று ரப்பர் முத்திரை.

அந்தத் துண்டை ஒரு பிலிம் ரோல் டப்பாவுக்குள் சுருட்டி வைத்தார். டப்பா சட்டைப்பையில் குடியேறியது. "உங்க ஒரு சாண் டேப்புக்காக நான் ஒவ்வொரு தடவையும் பையைத் தடவிப் பாத்துட்டுத்தான் துணியை நனைக்கிறேன்" என்று மனைவி இன்றைக்கும் சொல்கிறார்.

இதையெல்லாம் பிளேடு தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் போனது வேறொன்று.

மகளுக்குப் பன்னிரண்டு வயதில் பள்ளியில் 'என் அப்பா செய்த பெரிய காரியம்' என்று பேசச் சொன்னார்கள். அவள் எழுந்து நின்று, உப்புக் கடிகாரத்தில் குறைகிற அந்த ஒரு தட்டு எங்கப்பா வெட்டினது என்றாள். ஆசிரியைக்கு ஏழாவது மாடி என்றால் உயிர். மறுநாள் பழைய பத்திரிகையைத் தேடி எடுத்துவந்து, டிரம்ஸ்காரர் பேட்டியை வகுப்பில் சத்தமாக வாசித்தார். "பெருமைக்காகப் பொய் சொல்லக் கூடாதும்மா" என்றார், கோபமாகக்கூட இல்லை, பரிதாபமாக.

அன்று மாலை மகள் பையைக்கூடக் கழற்றாமல் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"ஏம்ப்பா பொய் சொன்னீங்க?"

பிளேடின் கை சட்டைப்பைக்குப் போனது. டப்பாவைத் தொட்டார், எடுக்கவில்லை. அவள் ஒரு நிமிடம் காத்திருந்தாள், பிறகு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு இருபத்து நான்கு வருடம் அந்த வீட்டில் அப்பாவும் மகளும் எதைப் பற்றியும் பேசினார்கள், அதைப் பற்றி மட்டும் பேசவில்லை. அவர் மனைவியிடம் ஏழாவது மாடியைப் பற்றி ஆரம்பித்தால் மகள் எழுந்து வேறு அறைக்குப் போவாள்.

மகள் இப்போது ஒரு கூரியர் நிறுவனத்தில், நாள் முழுக்கக் காதில் ஹெட்போனோடு புகார் கேட்கிற வேலையில் இருக்கிறாள். ஒன்றரை மாதம் முன்பு அவள்தான் அந்த நோட்டீஸைக் கொண்டுவந்தாள். இசைக் கருவிகள் விற்கும் கடையின் மேல்மாடியில், ஞாயிறு மதியம், உப்புக் கடிகாரம் பற்றி வினாடிவினா. அணிக்கு இரண்டு பேர். டிரம்ஸ்காரரே சிறப்பு விருந்தினர்.

"ரெண்டு பேர் வேணுமாம்ப்பா. அம்மா வரமாட்டாங்க. நான் வரேன்."

"நீ எதுக்கு பாப்பா? உனக்குப் பிடிக்காதே."

"பிடிக்காதுதான்."

மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். "கூட்டிட்டுப் போங்க. கேள்வி கேக்கறவனுக்கு நீங்க பதில் சொல்ல ஆரம்பிச்சா நிறுத்தறதுக்கு ஒரு ஆள் வேணும்ல."

பிளேடு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். வாசலில் ஒருமுறை, பஸ்ஸில் ஒருமுறை பையைத் தொட்டுப் பார்த்தார். என்ன நினைத்துக்கொண்டு போனார் என்று அவரே சொன்னார். "அவர் எல்லார் முன்னாடியும் சொல்லவேண்டாம். என் பொண்ணு முன்னாடி ஒரு தடவை 'ஆமா'ன்னு தலையாட்டினா போதும்னு போனேன்."

மாடியில் நாற்பது பேர் இருந்தார்கள். பன்னிரண்டு மேசை. முன்னால் ஒரு நாற்காலியில் டிரம்ஸ்காரர். எழுபத்துநான்கு வயது, பின்னால் கட்டிய நரைமுடி, இடது காதுக்குப் பின்னால் மிஷின். பிளேடு நுழைந்ததும் முதலில் பார்த்தது முகத்தை அல்ல, மிஷினைத்தான். போன வருடம் வந்த நல்ல ரகம். அந்த மிஷினோடு இந்த அறையில் எறும்பு நடந்தாலும் கேட்கும் என்று மனதில் குறித்துக்கொண்டார்.

கேள்வி கேட்பவர் முப்பது வயது இளைஞர், கழுத்தில் குழுவின் சின்னம். இருபது கேள்வி. பதிலைச் சீட்டில் எழுதித் தரவேண்டும்.

முதல் பாகத்தில் வருகிற மழைச் சத்தம் எது? மற்ற மேசைகள் 'தகரத்தில் ஆணி' என்று எழுதின. பிளேடு 'அரை அங்குல ஆணி. தகரம் அல்ல, டேப் டப்பாவின் மூடி' என்று எழுதினார். முப்பது பேர் பாடுகிற மாதிரி வரும் கோரஸில் நிஜமாகப் பாடியவர்கள் எத்தனை பேர்? நாலு பேர், லிப்ட் இயக்குபவரும் அதில் ஒருவர், எட்டு முறை பாடவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றியது. ஆர்கனில் ஒரு சுரம் பாட்டு முழுக்க வராததற்குக் காரணம்? அந்தக் கட்டை செத்துப்போயிருந்தது, சரிபார்க்க ஆள் வரவில்லை.

மகள் ஒவ்வொரு சீட்டையும் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். ஆறாவது கேள்விக்குப் பிறகு அவள் சீட்டைப் பார்ப்பதை விட்டு அப்பாவைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"லிப்ட்காரர் பாடினார்னு எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"எதுலயும் இல்ல. பாட்டுக்கு நடுவுல மணி அடிச்சுதுன்னு லிப்ட்டுக்கு ஓடிட்டார். திரும்பக் கூட்டிட்டு வந்தது நான்."

மகள் நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பதினெட்டாவது கேள்வி முடிந்தபோது அவர்கள் மேசை ஒரு புள்ளி முன்னால் இருந்தது. இரண்டு புள்ளிக்கான பத்தொன்பதாவது கேள்வியை இளைஞர் குரலை இறக்கி, பயபக்தியோடு கேட்டார். "பதினான்காம் நிமிடத்தில் ஒரு தட்டு குறைகிறது. ஏன்?"

அறையே டிரம்ஸ்காரரைப் பார்த்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மகள் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "அப்பா, அவங்களுக்கு வேண்டியதை எழுதிடுங்க. அவரோட அப்பா, கடிகாரம், டிக். நமக்கு அந்தக் கதை மனப்பாடம்தானே. ஜெயிச்சுட்டுப் போயிடலாம்."

"நீ அதை நம்பறியா?"

"நான் எதை நம்பறேன்னு இப்ப எதுக்கு?"

பிளேடு எழுதினார். 'டேப் வெட்டியவர் தவறான கோட்டில் வெட்டிவிட்டார்.'

இளைஞர் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். இதற்கு வந்ததும் முகம் மலர்ந்தது. "ஒரு மேசையில இருந்து நல்ல ஜோக் வந்திருக்குங்க," என்று சத்தமாகப் படித்தார். நாற்பது பேரும் சிரித்தார்கள். ஒருவர் மேசையைத் தட்டினார்.

பிளேடு எழுந்து நின்றார். "ஜோக் இல்ல தம்பி. வெட்டினது நான்தான். துண்டு இதோ இருக்கு." டப்பாவைத் திறந்தார். பழுப்பு நிறத்தில் ஒரு சாண் டேப், பாம்புக்குட்டி மாதிரி சுருண்டு எழுந்தது.

"சார், தப்பா நினைக்காதீங்க. டேப் துண்டு யார்கிட்ட வேணும்னாலும் இருக்கும்."

"அவரைக் கேளுங்க. அவருக்குத் தெரியும்."

இளைஞர் தயக்கத்தோடு திரும்பினார். டிரம்ஸ்காரர் கையைக் குவித்துக் காதருகே வைத்துக்கொண்டார். "என்ன சொல்றார்? கூட்டத்துல சரியா கேக்கலயே தம்பி."

இளைஞர் குனிந்து, காதருகே கத்திச் சொன்னார். டிரம்ஸ்காரர் முழுதும் கேட்டுவிட்டு மெல்லச் சிரித்தார். பிறகு தன் அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். கடிகாரக் கடை, எண்ணெய் வாசனை, கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடி, கடைசி மூச்சு, தவறிய டிக். சொல்லும்போது கண் கலங்கியது. முன் மேசையில் ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எழுந்து நின்றதால் பிளேடு நிற்பது தனியாகத் தெரியவில்லை.

பத்தொன்பதாவதுக்குப் பூஜ்யம். இருபதாவது கேள்விக்கு எல்லா மேசையும் சரியான பதில். ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

கையெழுத்து வாங்க வரிசை நின்றது. பிளேடு வரிசையில் நிற்கவில்லை. டிரம்ஸ்காரர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்பக்கமாகச் சுற்றிப் போனார். மகள், அவர் ஏதாவது ஏடாகூடமாகச் செய்துவிடுவாரோ என்று பின்னாலேயே ஓடினாள். அவர் மூன்றடி தள்ளி நின்று, முப்பத்தைந்து வருடமாகச் சொல்லிப் பழகிய அதே தணிந்த குரலில் சொன்னார்.

"உங்க லேஸ் அவிழ்ந்திருக்கு."

டிரம்ஸ்காரர் குனிந்து பார்த்தார்.

இரண்டு ஷூவிலும் முடிச்சு இறுக்கமாக இருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. நிமிரவில்லை. ஷூவைப் பார்த்தபடியே, வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"பிளேடு."

மகள் அப்படியே நின்றாள். அந்த அறையில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது.

"நான்தாண்ணே."

"இன்னும் இருக்கியாடா நீ?"

"இருக்கேன். காது நல்லா இருக்கு. உங்களுக்கும் நல்லாத்தான் இருக்கு."

"நாப்பது பேருடா. அவங்களுக்கு எங்கப்பாவோட கடிகாரம்தான் வேணும். உன் பிளேடை வெச்சிக்கிட்டு என்ன பண்ணுவாங்க?"

"என்னை வேலையை விட்டு அனுப்பின அன்னைக்கு உங்கப்பா வரவேற்பறையில உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தாரு. என்னப்பா, முகம் வாடியிருக்குன்னு என்னைக் கேட்டாரு. கேட்ட ஒரே ஆள் அவருதான்."

டிரம்ஸ்காரர் ஷூ முடிச்சை விரலால் தடவினார். "அது நடந்து ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் போனாரு. இப்ப எனக்கே எது முந்தி எது பிந்தின்னு குழம்பிப்போச்சு. அழுதேன் பாத்தியா, அது பொய்யில்ல." பிறகு நிமிர்ந்து பார்த்தார். "நீ வெட்டினது தப்பு. அந்தத் தப்பை ஒவ்வொரு மேடையிலயும் பிசகாம வாசிச்சது நான். தப்பு உன்னுது. பாட்டு என்னுது."

"சிகரெட் வாங்க அனுப்பினது யாருண்ணே? பக்கத்து ரூம்ல உக்காந்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லாம இருந்தது யாரு?"

டிரம்ஸ்காரரின் கை இடது காதுக்குப் பின்னால் போனது, சொறிவதுபோல. கட்டைவிரல் அந்தச் சின்னப் பட்டன்மேல் உட்கார்ந்து இரண்டு விநாடி அழுத்தியது. மிஷினை அணைப்பதற்கு அதுதான் முறை. வருகிறவர்களுக்கெல்லாம் பிளேடு தினமும் கற்றுக்கொடுப்பது அதுதான்.

"மன்னிச்சுக்கங்க சார். இப்ப நிஜமாவே கேக்கல," என்றார் டிரம்ஸ்காரர். வரிசையைப் பார்த்துத் திரும்பினார். "அடுத்தது யாரு?"

படியில் இறங்கும்போது மகள்தான் முதலில் பேசினாள். "அவர் உங்களைப் பிளேடுன்னு கூப்பிட்டாரு."

"ம்."

"நம்பறேன்ப்பா. எல்லாத்தையும் நம்பறேன்."

பிளேடு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். இருபத்து நான்கு வருடமாக இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் காத்திருந்தார். அது வந்தபோது, கூரியர் நிறுவனத்தில் நாளெல்லாம் 'உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது' என்று சொல்லிச் சொல்லி மகளுக்கு வந்துவிட்ட அந்தப் பொறுமையான குரலில் வந்தது. அவள் வேண்டுமென்று அப்படிச் சொல்லவில்லை. அவளுக்கு இருப்பதே இப்போது அந்தக் குரல்தான்.

"பன்னெண்டு வயசுல கேட்டேனே. அப்ப ஏன் எடுத்துக் காட்டல? பையிலதானே இருந்துச்சு."

"எடுத்துக் காட்டியிருந்தா என்ன பாத்திருப்ப? பழுப்பா ஒரு நாடா."

"நம்பியிருப்பேன்."

"தெரியல பாப்பா. நம்பாம போயிருந்தா? அதுக்கப்புறம் என்கிட்ட வேற எதுவும் இல்லையே காட்டறதுக்கு."

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆட்கள் கையெழுத்துப் போட்ட ரெக்கார்டுகளோடு அவளைத் தாண்டிப் போனார்கள். பிளேடு பக்கத்தில் நின்றார். முப்பத்தாறு வயது மகள் நம்பிவிட்டாள். பையைக் கழற்றாமல் வந்து நின்ற அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண் இனி எந்தக் காலத்திலும் நம்பப்போவதில்லை. "அவ கேட்டதுக்கு நான் பதில் சொல்லவே இல்ல," என்று இன்று என்னிடம் சொல்லும்போதும் அவர் மகளைப் பார்க்காமல் அந்தக் கண்ணாடிக் கூண்டைப் பார்த்துத்தான் சொன்னார்.

மறுநாள் திங்கள்கிழமை, சாப்பாட்டு இடைவேளையில் மகள் கடைக்கு வந்தாள். இதுவரை வந்ததே இல்லை. வந்தவள் நேராகக் கேட்டாள்.

"அந்த டேப்பைப் போட்டுக் கேட்டிருக்கீங்களாப்பா?"

கேட்டதில்லை. ஒரு தடவைகூட இல்லை. ஸ்டுடியோ வாசலிலேயே விடாதபோது டேப் மிஷினுக்கு எங்கே போவார்? பிறகு ஸ்டுடியோக்களே மூடின, மிஷின்களைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அப்புறம் அவருக்கே பயம் வந்துவிட்டது. நாற்பத்து நான்கு வருடம் சட்டைப்பையில், வியர்வையிலும் வெயிலிலும் கிடந்த டேப். அதில் தட்டு இருக்கிறதா, அழிந்துபோய் வெறும் நாடாவாகிவிட்டதா என்று அவருக்குத் தெரியாது.

அன்றிலிருந்து மகள் தேடிக்கொண்டிருக்கிறாள். வேலைக்கு நடுவே வானொலி நிலையம், கல்லூரி, அருங்காட்சியகம், பழைய சாமான் கடை என்று போன் போட்டாள். எல்லா இடத்திலும் 'போன வருஷம்தான் தூக்கிப் போட்டோம்' என்கிறார்கள். இன்று மாமாவைக் கூண்டுக்குள் உட்காரவைத்துவிட்டு நான் வெளியே காத்திருந்தபோது அவள் அப்படி ஒரு போனில் இருந்தாள். என் சட்டையில் ஏழாவது மாடி சின்னத்தைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டு முறைத்தாள். அப்படித்தான் எனக்கு இந்தக் கதை கிடைத்தது.

அதனால் கேட்கிறேன். உங்களிடமோ, உங்கள் சித்தப்பா வீட்டுப் பரணிலோ, கால் அங்குல டேப் ஓடுகிற பெரிய சக்கர மிஷின் ஒன்று வேலை செய்கிற நிலையில் இருந்தால், பஸ் நிலையத்துக்குப் பின்னால், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, முதல் மாடிக்குக் கொண்டுபோங்கள். கேசட் பிளேயர் ஆகாது. டேப்பிலிருந்து பழுப்புப் பொடி உதிர ஆரம்பித்துவிட்டது. ஒருமுறைதான் ஓடும், அதற்குமேல் தாங்காது என்கிறார். அரை விநாடி. மகள் ஹெட்போனோடு அந்தக் கூண்டுக்குள் உட்கார்வாளாம், அவர் வெளியே நின்று ஓட்டுவாராம். கேட்டால் அவள் பட்டனை அழுத்தவேண்டும். கேட்கவேண்டும் என்று ஆசையாக இருந்தால் மட்டும் அழுத்தக்கூடாது. அதை மகளிடம் இப்போதே சொல்லிவிட்டார்.

இதை எல்லோருக்கும் அனுப்புங்கள். சண்டைக்கு வரப்போகிறவர்களுக்கு முதலில் அனுப்புங்கள், மிஷின் வைத்திருப்பவர்கள் அவர்களில்தான் இருப்பார்கள்.